மோட்டார் ரூம் ஜன்னலிலிருந்து ஆடிய ஆட்டம்

என் மகன் கம்ப்யூட்டரில் எனக்கு ஓர் ஆட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறான். கட்டம் கட்டமாக நிலம். ஒரு பக்கம் என் படை, மறு பக்கம் எதிரி படை. கையைப் பதறவைத்துச் சுடச்சொல்கிற ஆட்டம் இல்லை இது. என் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்தி முடித்து ஒரு பட்டனை அமுக்கினால்தான் கம்ப்யூட்டர் ஆடும். அது ஆடி முடிக்கிறவரை நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நான் ஆடும்போது அது இருக்க வேண்டும். இப்படி முறை வைத்து ஆடுகிற வகையே தனியாக இருக்கிறதாம், கடையில் வரிசையாக விற்கிறார்களாம்.

ஒருநாள் நான் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "ஜெயிச்சாச்சேம்மா. அவங்கிட்ட ரண்டு ஆளுதான் மிச்சம். சமாதானம்னு ஒரு பட்டன் இருக்குது பாரு, அமுக்கிரு."

"அது எங்க இருக்குதுன்னு எனக்குக் காட்டாதே," என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த இரண்டு பேரையும் மூலைக்குத் தள்ளி அடித்து முடித்த பிறகுதான் எழுந்து போய் உலை வைத்தேன்.

முறை வைத்து ஆடுவது எனக்குப் புதிதில்லை. எழுபதுகளில், எனக்குக் கல்யாணமான புதிதில், கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குக் கேரளாப் பக்கம் ஒரு கிணற்று மேட்டில் அதை நான் ஆடியிருக்கிறேன். எதிரே இருந்தவர் என் கணவரின் அண்ணன். அவரை மூத்தவர் என்றே எழுதுகிறேன். பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை.

அண்ணன் தம்பி இருவருக்கும் பூமி பிரித்தாகிவிட்டது. மேல்பக்கம் அவருக்கு, கீழ்பக்கம் எங்களுக்கு. கிணறு மட்டும் பொது. கேரளா என்றதும் மழை கொட்டும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் கிழக்குப் பக்கம் வந்து பார்த்ததில்லை. மழை மேற்கே நின்றுவிடும். எங்களுக்கு வருவது காற்று. கணவாய் வழியாக வந்து பனை ஓலையைப் போட்டு அடித்து மண்ணில் இருக்கிற ஈரத்தைக் கொண்டுபோய்விடும். கிணற்று ஊற்று கோடையில் ராத்திரி முழுக்க ஊறினால் பகலில் சில மணி நேரம் மோட்டார் ஓடும். அவ்வளவுதான்.

அதனால் முறை. ஒரு நாள் அவருக்கு, மறுநாள் எங்களுக்கு. மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. அதில் ஒரு சட்டம் உண்டு: அன்றைய முறை அன்றோடு சரி. மாடு படுத்துக்கொண்டாலும், கயிறு அறுந்தாலும், விட்டுப்போன முறையை மறுநாள் கேட்கக்கூடாது. இன்னொரு சட்டம்: பேசி மாற்றிக்கொண்ட முறையைத் திருப்பி மாற்றக்கூடாது. மாட்டுக் காலத்தில் இந்தச் சட்டங்களால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை. பிறகு கவலை மாட்டை விற்று மோட்டார் வைத்தார்கள். கரண்ட் வந்தது. கரண்ட் வந்தால் கரண்ட் போவதும் வரும் இல்லையா?

லைன் வேலை என்று சொல்லி விடிந்ததும் நிறுத்துவார்கள். பொழுது சாயும்போதுதான் திரும்ப வரும். அன்று யார் முறையோ அவருக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் தண்ணீர் எங்கும் போய்விடாது. கிணற்றில் அப்படியே நிற்கும், மேலும் ஊறும். மறுநாள் முறைக்காரருக்கு ரெட்டிப்புத் தண்ணீர்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் மூத்தவர்.

சாயங்காலம் வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார்.

"தம்பி, நாளைக்கு நான் சித்தூரு வரைக்கும் போகோணும். ஆளில்லாம மோட்டாரு ஓட்ட முடியாது. நாளைக்கு நீ எறைச்சுக்கடா, நாளான்னைக்கு உன்ற மொறைய நான் எடுத்துக்கறேன்."

"ஆகட்டுங்ணா," என்பார் என் கணவர். அண்ணன் சொல்லி அவர் எதையும் மறுத்ததில்லை.

மறுநாள் விடியும். மோட்டார் ரூமில் ஒரு சின்ன சிவப்பு பல்பு எப்போதும் போட்டபடியே இருக்கும், கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அது அணைந்திருக்கும். நாங்கள் அந்த பல்பைப் பார்த்துக்கொண்டே பகல் முழுக்க உட்கார்ந்திருப்போம். மறுநாள் அவர் நிறைந்த கிணற்றை இறைப்பார். அதற்கு மறுநாள் அவருடைய சொந்த முறை, மறுபடி இறைப்பார். எங்கள் மிளகாய்ச் செடி அத்தனை நாளும் தலை தொங்கி நிற்கும். எங்கள் முறையில் கரண்ட் போனால் அது எங்கள் விதி. அவர் முறையில் போனாலும் அது எங்கள் விதியாகவே வந்து விடிந்தது.

அதைவிட என் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. சித்தூர் போகிறேன் என்றவர் போகமாட்டார். வெயில் ஏறும்போது கிணற்று மேட்டுக்கு வந்துவிடுவார்.

"பஸ்ஸு போயிருச்சுடா தம்பி. செரி, உனக்குத் தொணைக்கு இருக்கலாம்னு வந்தேன். போடு ஆட்டத்த."

கிணற்று மேட்டில் பழைய கல் ஒன்று கிடந்தது. அதில் ஆடுபுலி ஆட்டக் கோடு உளியால் வெட்டியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளைக் கோடு சேரும் இடங்களில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஓர் ஆடு வைத்தால் ஒரு புலி நகரும். எல்லா ஆட்டையும் வைத்து முடித்த பிறகு ஆட்டையும் ஒவ்வோர் இடமாக நகர்த்தலாம். பக்கத்தில் இருக்கிற ஆட்டுக்கு அந்தப் பக்கம் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து அதைத் தின்னலாம். ஆடு தின்னாது. புலி நகர முடியாதபடி சுற்றி அடைத்தால் ஆட்டுக்கு ஜெயிப்பு. இதுவும் முறை வைத்து ஆடுவதுதான். கம்ப்யூட்டர்காரர்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

மூத்தவர் எப்போதும் புலிதான் ஆடுவார். உடைந்த ஓட்டுச் சில்லு மூன்றை இடுப்பிலேயே முடிந்து வைத்திருப்பார். என் கணவர் புளியங்கொட்டையை ஆடாக வைப்பார். எங்கள் செடி வாடுகிற நாளில், எங்கள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, எங்கள் ஆட்டைத் தின்றுகொண்டிருப்பார் அவர்.

"இந்தா, இன்னொண்ணு போச்சு. ஏண்டா, உன்ற ஊட்ல மோர் இருக்குதா?"

மோர் நான் கொடுத்தேன். உப்பு போடாமல் கொடுத்தேன்.

கணவரின் அண்ணன் எதிரே நான் உட்காரக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது. அதனால் நான் மோட்டார் ரூமுக்குள் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அந்த ஜன்னலுக்குக் கதவு கிடையாது, இரண்டு கம்பி மட்டும். கல் அதற்கு நேர் கீழே. அவர் ஆட்டத்தை நான் அந்த ஜன்னலில் நின்று படித்தேன். ஒன்றைக் கண்டுபிடித்தேன். தின்பதற்கு ஓர் ஆடு கிடைத்தால் அவர் விடமாட்டார். அதைத் தின்றால் புலி மூலையில் மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்தாலும் தின்பார். என் கணவர் மட்டும் இதைப் பார்க்கவில்லை. பயந்து பயந்து ஆட்டைக் காப்பாற்றப் பார்த்து எல்லாவற்றையும் இழப்பார்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து எழும்போது மூத்தவர் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"எதுக்குடா இந்தக் காஞ்ச பூமிய வச்சுட்டு மாரடிக்கறே? மலைமேல சக்குபள்ளத்துல எம்பட மச்சான் ஏலத்தோட்டத்துல மேஸ்திரியா இருக்கறான். உனக்கும் ஒரு வேல வாங்கித் தர்றேன்னான். குளுகுளுன்னு இருக்கும். பூமிய என்ற பேருக்கு எழுதிக் குடுத்துட்டு ரண்டு பேரும் போய்ப் பொழச்சுக்கங்க."

குத்தகைக்குக் கேட்கவில்லை, பாருங்கள். அந்த வருஷங்களில் கேரளாவில் குத்தகை என்ற பேச்சே சட்டப்படி நின்றுபோயிருந்தது. எழுதியே கேட்டார். அடுத்த மிளகாயும் காய்ந்தால் என் கணவர் எழுதியும் கொடுத்துவிடுவார். அது எனக்குத் தெரியும். அவர் முகம் அப்போதே பாதி எழுதிக் கொடுத்தது மாதிரிதான் இருந்தது.

நான் ஜன்னலுக்குள்ளிருந்து என் கணவரிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னேன்: "ஏனுங்க, அத்தன குளுகுளுன்னு இருந்தா உங்க அண்ணனையே போகச் சொல்லுங்க. அவருக்குத்தான் வெயிலு ஆகறதில்ல, பஸ்ஸுக்குக்கூடப் போக முடியறதில்ல."

மூத்தவர் என் பக்கம் திரும்பவில்லை. தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "உன்ற மோட்டாரு நல்லாத்தாண்டா ஓடுது. கரண்டே வேண்டியதில்ல போலிருக்குது."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு முடிவு செய்தேன்.

அவருக்கு எப்படி முன்னாடியே தெரிகிறது? இதுதான் கேள்வி. லைன்மேன் சொல்லியிருக்க முடியாது. கொல்லங்கோட்டிலிருந்து சைக்கிளில் வருகிற மலையாளத்துக்காரர் அவர். ஒருமுறை கம்பியில் உரசுகிறதென்று மூத்தவருடைய தென்னை மட்டையைக் கேட்காமல் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. எதிரே வந்தால் மூத்தவர் காறித் துப்புவார்.

நான் தினமும் சாயங்காலம் ரோட்டோரத்துச் சாயாக்கடைக்குப் பால் கொண்டுபோய்க் கொடுப்பேன். கடைக்கு எதிரே டிரான்ஸ்ஃபார்மர். ஒருநாள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் மூங்கில் ஏணி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. நீள ஏணி. கடை பெஞ்சில் மூத்தவர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் வீடு வந்து சேர்வதற்குள் அவர் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, நாளைக்கு எனக்குக் கொழிஞ்சாம்பாறைல ஒரு காரியமிருக்குது..."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காலையில் ஓடி வர முடியாது என்று லைன்மேன் முந்தின நாளே கொண்டுவந்து சாய்த்து வைத்துவிடுகிறார். ஏணி வந்தால் மறுநாள் கரண்ட் இல்லை. அவ்வளவுதான் ரகசியம்! மூத்தவர் சாயா குடிக்கிற சாக்கில் ஏணியைப் பார்க்கிறார். தினமும் அதே வழியில் போகிற நான் அத்தனை நாள் அதைக் கம்பம் மாதிரி பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

"சேச்சே. அண்ணன் அப்படியெல்லாம் பண்ணமாட்டாரு. என்னைய எடுத்து வளத்தவரு."

"வளத்தவருதான் இப்ப அறுக்கறாரு."

"நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால் அவர் முகத்திலேயே எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். புலி முன்னால் வைக்கிற ஆட்டுக்கு விஷயம் தெரியக்கூடாது.

பால் ஊற்றப் போகும்போது லைன்மேனுக்கு ஒரு டம்ளர் பால் தனியாகக் கொடுக்க ஆரம்பித்தேன். நல்ல மனுஷர். நிறையப் பேசுவார்.

"இனி எப்பங்க லைன் வேல?" என்று கேட்டேன் ஒரு மத்தியானம். அவர் கம்பத்தடியில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மற்றன்னா சேச்சி. நேரம் வெளுத்தா கரண்டு இல்லா. முழுசும் புதிய கம்பி இழுக்கணும்."

மற்றன்னா என்றால் அவர்கள் பேச்சில் நாளை மறுநாள். நான் விரலை மடக்கினேன். நாளைக்கு மூத்தவர் முறை. நாளை மறுநாள் எங்கள் முறை. சும்மா இருந்தால் அடி எங்களுக்கு.

"ஏனுங்க, ஒரு ஒதவி. உங்க ஏணிய நாளைக்குக் கொண்டாறதுக்குப் பதிலா இன்னைக்கே கொண்டாந்து வைக்க முடியுங்களா? மாட்டுச் சாளைல ஓலை பிரிஞ்சு கெடக்குது. நாளைக்குக் காலைல எடுத்துட்டுப் போய் ஏறிக் கட்டிப்போட்டுத் தந்தர்றோம்."

"அதினென்னா சேச்சி! ஆபீஸுல சும்மா கெடக்குது. இப்பவே எடுத்துட்டு வந்து இங்க சாய்ச்சு வைக்கும். வெளுப்புக்கு சேச்சி கொண்டுபோய்க்கோ. மற்றன்னா காலைல நான் வீட்டுல வந்து எடுத்துக்கும்."

சாளையில் ஓலை நிஜமாகவே பிரிந்துதான் கிடந்தது. நான் பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் பால் கொண்டுபோனபோது ஏணி அதன் இடத்தில் சாய்ந்திருந்தது. மூத்தவர் பெஞ்சில் இருந்தார். கண்ணாடி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் ஏணிப் பக்கம் வைத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பாலை ஊற்றினேன். அளவு தவறிப் பால் சிந்தியது. கடைக்காரர் திட்டினார்.

இலவசமாக ஓர் ஆடு அவர் எதிரில் நிற்கிறது. தின்பாரா மாட்டாரா?

நான் வீட்டுக்கு வந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, நாளைக்கு நம்ம பொள்ளாச்சி சந்தைக்கு..."

"அதுக்கென்னங்ணா, நாங்க எறைச்சுக்கறோம். நாளான்னைக்கு நீங்க எடுத்துக்கங்க."

நான் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் முதல் வேலையாக ஏணியை எடுத்துவரச் சொன்னேன். என் கணவர் போய்த் தூக்கிவந்தார். சாளைக்குப் பின்னால் சாய்த்து ஏறி ஓலை கட்டினார். ஏணி ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. மோட்டார் ரூமில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டோம். மிளகாய் முழுக்கப் பாய்ந்தது. பாய்ந்தது போக மிச்சத்தை மேட்டில் இருந்த தொட்டியில் விட்டு நிரப்பினேன்.

"தொட்டி எதுக்கு? மூணாம் நாளு நம்ம மொறை திரும்ப வருதே," என்றார் கணவர்.

"இருக்கட்டுங்க. மாடு குடிக்கும்."

மத்தியானம் மூத்தவர் வந்தார். சந்தைக்குப் போகவில்லை என்று சொல்லத் தேவையில்லை. மோட்டார் சத்தம் கேட்டு வந்திருப்பார். வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கரண்டு இருக்குதாட்டமிருக்கு?"

"ஆமாங்ணா. உங்க புண்ணியம்."

என் கணவர் நிஜமாகவே நன்றியோடு சொன்னார். மூத்தவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் போகும்போது சாயாக்கடைப் பக்கம் சுற்றிக்கொண்டு போனார். கம்பத்தில் ஏணி இல்லை. வேலை தள்ளிப்போய்விட்டது, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படியானால் நாளைக்கு அவருக்குக் கரண்ட் நிச்சயம். இதை நான் ஊகிக்கவில்லை. அவரே சொல்லித் தெரிந்தது. சாயங்காலம் நடவுக்கு ஆள் கூப்பிட வந்தவர் எங்கள் வாசலைத் தாண்டும்போது சத்தமாகச் சொன்னார்:

"நாளைக்குத் தக்காளி நடவு. நாத்து முத்திட்டு நிக்குது. ரண்டு நாளும் என்ற மொறதான். காடு பூராவும் நட்டுப்போடறேன்."

நடவை நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு ஒரு முறை போகும், நாங்கள் பட்ட பாட்டை அவர் படுவார், அவ்வளவுதான் என் கணக்கு. அவரே போய் மூலையில் குதித்தார். நான் என்ன செய்வேன்? போய் ஏணி என் சாளையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமா?

விடியற்காலையில் லைன்மேன் வந்து ஏணியை எடுத்துக்கொண்டு போனார். அதே நேரத்தில் மேல்காட்டில், அவர் பங்குப் பூமியில், மூத்தவரும் பெண்டுகளும் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்று பிடுங்கியாகிவிட்டால் பிறகு திருப்பி வைக்க முடியாது. மண்ணை அணைத்துக் கட்டிய பாரில் தண்ணீர் ஓட ஓட நட வேண்டும். அவர் நாற்றுக் கட்டுகளைக் கூடையில் அடுக்கிக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். மோட்டார் ரூமுக்கு வந்தார். ஸ்டார்ட்டரை அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

சிவப்பு பல்பு அணைந்துபோயிருந்தது.

நான் எங்கள் மிளகாய்ப் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தேன். மண் ஈரமாக இருந்தது. களை சுலபமாக வந்தது.

கொஞ்ச நேரம் பெண்டுகள் கிணற்றுக்குள் படியிறங்கிக் குடத்தில் மொண்டு வந்து ஊற்றிப் பார்த்தார்கள். காய்ந்த மண் அதை அப்படியே குடித்துவிட்டது. காற்று வேறு. ஒருத்தி படியில் வழுக்கி விழுந்து குடத்தை உடைத்துக்கொண்டு, "என்னால ஆகாதுங்க சாமி," என்று பனை நிழலில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மூத்தவர் கிணற்று மேட்டுக் கல்லில் போய் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. நான் என் கணவரிடம் போனேன்.

"ஏனுங்க, உங்க அண்ணன் தனியா உக்காந்திருக்கறாரு பாருங்க. போய்த் தொணைக்கு இருங்க. ஒரு ஆட்டம் போடுங்க."

"இப்பப் போயா?"

"நம்ம கரண்டு போனப்ப அவரு வரலீங்களா? அவரு செஞ்ச மரியாதைய நாம திருப்பிச் செய்ய வேண்டாமா?"

போனார். என்ன விஷயம் என்று அப்போதும் அவருக்குப் புரியவில்லை. புளியங்கொட்டைப் பையையும் நானே கொடுத்தனுப்பினேன். மூத்தவருக்கு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பெண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பிலிருந்து ஓட்டுச் சில்லை எடுத்து வைத்தார்.

நான் மோட்டார் ரூமுக்குள் போய் ஜன்னலில் நின்றேன்.

"வலப்பக்கம், கீழ் மூலைல வைங்க," என்றேன்.

என் கணவர் திரும்பிப் பார்த்தார். மூத்தவர் திரும்பவில்லை.

"என்னடா இது, உன்ற ஊட்டுக்காரி ஆடறாளா?"

"அவருகிட்டச் சொல்லுங்க. நான் ஆடலீங்க. சொல்றேன், அவ்வளவுதான். வைக்கறது அவரு தம்பிதான்."

பனை நிழலில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து கல்லைச் சுற்றி நின்றார்கள். நான் சொல்லச் சொல்ல என் கணவர் வைத்தார். முதலில் ஒவ்வொன்றுக்கும் அண்ணன் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. நடுவில் ஓர் ஆட்டைத் தனியாக வைக்கச் சொன்னேன்.

"தின்னுருவாரே," என்றார் கணவர்.

"தின்னட்டும். வைங்க."

மூத்தவர் தின்றார். புலி மூலைக்குப் போனது. அடுத்த ஆட்டை அதற்குப் பின்னால் வைத்து அடைத்தோம். இன்னோர் ஆடு கொடுத்தேன். அதையும் தின்றார். பழக்கம் போகுமா? இரண்டாவது புலியும் ஓரத்தில் மாட்டியது. வெயில் உச்சிக்கு வந்தபோது மூன்றாவது புலிக்கு ஓர் இடம்தான் பாக்கி இருந்தது. என் முறை. நான் அவசரப்படவில்லை. வரப்பைப் பார்த்தேன். கூடையில் நாற்றுக் கட்டெல்லாம் கீரைக்கட்டு மாதிரி துவண்டு கிடந்தன.

"உச்சிக்குக் கீழ இருக்கறத ஒரு எடம் மேல தள்ளுங்க."

தள்ளினார். புலிக்கு நகர இடமில்லை.

"அய்யோ, கட்டிப்போட்டாங்கடி!" என்றாள் குடம் உடைத்தவள்.

மூத்தவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கல்லில் மட்டுமா கட்டுப்பட்டது? பிறகு தலையைத் தூக்கினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அன்றுதான் என்னை நேராகப் பார்த்துப் பேசினார்.

"ஏணி... நீதான?"

நான் அப்போதும் நேராகப் பதில் சொல்லவில்லை. "ஏனுங்க, ஏணி லைன்மேனுதுன்னு சொல்லுங்க. நாம ஓலை கட்டறதுக்கு வாங்குனோம். அத வச்சு யாரு என்ன ஜோசியம் பாத்தாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

என் கணவர் அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அண்ணனைப் பார்த்தார். ஒவ்வொரு சாயங்காலமும், சித்தூரும் கொழிஞ்சாம்பாறையும் சந்தையும், அப்போதுதான் அவர் தலைக்குள் ஒன்றாகச் சேர்ந்தன.

"அண்ணா... அத்தன தடவையும் தெரிஞ்சுதானா?" என்று மட்டும் கேட்டார்.

மூத்தவர் மேட்டுத் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். "தொட்டில தண்ணி இருக்குதில்ல," என்றார். "அதத் தொறந்து விடுங்க. நாத்து பொழச்சுக்கும்."

"மொறை?" என்றேன் நான்.

"இனி மொறை மாத்திக் கேக்கமாட்டேன்."

"பூமி?"

"பூமியும் கேக்கமாட்டேன்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாரும் கேட்டீங்களா?" என்று பெண்டுகளைப் பார்த்துக் கேட்டேன். கேட்டார்கள். அவர்கள் கேட்டால் அன்று சாயங்காலத்துக்குள் செக்போஸ்ட் வரைக்கும் கேட்டுவிடும்.

மூத்தவர் எழுந்து வரப்புப் பக்கம் போய் மண்வெட்டியை எடுத்தார், தன் காட்டுக்கு மடை திருப்ப. தொட்டியிலிருந்து எங்கள் காட்டுக்குப் போகிற வாய்க்கால் அவருடைய காட்டு ஓரமாகத்தான் போகும். ஒரு வெட்டு வெட்டினால் போதும், தண்ணீர் அவர் பாரில் இறங்கிவிடும்.

"அத வெட்டச் சொல்லாதீங்க," என்றேன் கணவரிடம். "அவரு வாக்குக் குடுத்தாரு. அது அவரு செஞ்ச தப்புக்கு. தண்ணி தர்றேன்னு நான் எப்பச் சொன்னேன்? கரண்டு போனா மொறை போச்சு. அன்னைய மொறை அன்னையோட செரி. நாம வச்ச சட்டமா அது?"

என் கணவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அண்ணன் கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார். "உடுங்ணா," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

நான் போய்த் தொட்டி மடையைத் திறந்தேன். மிளகாய்க்கு அன்று தண்ணீர் தேவையே இல்லை. முந்தின நாள்தான் பாய்ந்திருந்தது. இருந்தாலும் திறந்தேன். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, மூத்தவருடைய காய்ந்த காட்டோரமாக, வரப்பில் இருந்த கூடைகளைத் தாண்டி, அவர் காலடியைத் தாண்டி எங்கள் காட்டுக்குப் போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தொட்டி காலியாகிறவரை நானும் நின்றேன்.

கூடையிலிருந்த நாற்றைச் சாயங்காலம் மாட்டுக்குப் போட்டார்கள். மாடு தக்காளி இலையைத் தின்னாது. அப்படியே கிடந்து கறுத்தது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அவர் முறை அவருக்கு, எங்கள் முறை எங்களுக்கு. அந்த வருஷம் எங்கள் மிளகாய் காய்த்துச் சிவந்தது. பூமி இன்றைக்கும் எங்களுடையது. ஓட்டுச் சில்லு மூன்றையும் அன்று கல்லிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். நான் அவற்றை எடுத்து மோட்டார் ரூம் ஜன்னலில் வரிசையாக வைத்தேன். அவர் முறைக்கு மோட்டார் போட வரும் ஒவ்வொரு காலையும் அவற்றைப் பார்த்துத்தான் ஸ்டார்ட்டரை அமுக்க வேண்டும். அவரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.